மூன்று சதவீதக் கொழுப்பும் மூடாத பால் பாத்திரமும்: உணவுப் பாதுகாப்புப் பயிற்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

உணவுப் பாதுகாப்பு அலுவலர்களுக்கும் சுகாதார ஆய்வாளர்களுக்கும் பாடம் எடுப்பவர்களுக்கு,

வணக்கம்.

பயிற்சிக் குறிப்புகளில் வரலாறு என்பது பெரும்பாலும் அரைப் பக்கம்தான். 1875-இல் இங்கிலாந்தின் உணவு, மருந்து விற்பனைச் சட்டம், 1918-இல் சென்னை மாகாணக் கலப்படத் தடுப்புச் சட்டம், 1954-இல் மத்தியச் சட்டம், 2006-இல் இப்போதைய சட்டம் என்று ஆண்டுகள் வரிசைகட்டி நிற்கும். தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாக வரும். அத்தோடு சரி. இந்த வரிசைக்கு நடுவே விட்டுப்போவது 1901 முதல் 1910 வரை, ஏழாம் எட்வர்ட் காலத்து இங்கிலாந்து நகரங்களில் பால் கடை, மாட்டுக் கொட்டில், ரொட்டிக் கிடங்கு என்று ஏறி இறங்கிய ஆய்வாளர்களின் வேலை. அதைப் பாடத்தில் சேருங்கள் என்று கேட்கவே இந்த மடல். அந்தப் பத்தாண்டில் பாலில் தண்ணீர் ஊற்றியவனைப் பிடிக்கச் சட்டம் கூராக இருந்தது; சாணியும் கிருமியும் விழவிட்டவனைப் பிடிக்க மொண்ணையாக இருந்தது. ஏன் அப்படி ஆனது என்று தெரிந்துகொண்டால், இன்று நீங்கள் கற்றுத்தரும் நடைமுறை ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எங்கே ஓட்டை விழும் என்பது மாணவருக்குத் தானாகப் புரியும்.

மாதிரி எடுப்பதிலிருந்தே தொடங்கலாம். ஆய்வாளர் கடைக்குப் போய் எல்லோரையும் போலக் காசு கொடுத்துப் பால் வாங்குவார். கையில் வாங்கிய பிறகுதான், இது பொதுப் பகுப்பாய்வாளரிடம் (உள்ளாட்சி அமர்த்திய உணவு வேதியியலாளரிடம்) போகிறது என்று சொல்வார். பிறகு அங்கேயே, விற்றவர் கண்முன், மூன்று பங்காகப் பிரித்து, புட்டிகளில் ஊற்றி, தக்கை அடைத்து, அரக்கு முத்திரை வைப்பார். ஒரு பங்கு விற்றவருக்கு, ஒன்று பகுப்பாய்வாளருக்கு, மூன்றாவது ஆய்வாளரிடமே இருக்கும். 1875 சட்டத்தில் ‘பிரித்துத் தரட்டுமா’ என்று கேட்டால் போதும். கடைக்காரர் வேண்டாம் என்றால் பிரிக்கத் தேவையில்லை. 1899 திருத்தம் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, பிரித்தே ஆகவேண்டும் என்றது. நம் 1954 சட்டத்தின் மூன்று பங்கு அப்படியே இதன் வாரிசு. 2006 சட்டத்தில் அது நான்காயிற்று.

படிக்க எளிதாகத் தெரியும் இந்த வேலையில் கெட்டுப்போக எத்தனை இடம் இருக்கிறது பாருங்கள். பாலைக் கலக்காமல் பிரித்தால் முதல் புட்டியில் ஏடு அதிகமாகவும் மூன்றாவதில் குறைவாகவும் விழும். பிறகு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு விடை தரும், வழக்கு விழுந்துவிடும். எனவே இரண்டு குவளைகளுக்கு இடையே மாற்றி மாற்றி ஊற்றிக் கலந்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். புட்டியைக் கழுத்துவரை நிரப்பினால், பால் புளிக்கும்போது வரும் வாயு தக்கையைத் தள்ளி முத்திரையை உடைத்துவிடும். புட்டியில் முன்பு கழுவிய தண்ணீர் இரண்டு சொட்டு மிச்சமிருந்தால் போதும், எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தீனி கிடைத்தது. வாங்கிய 28 நாளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். சம்மனுக்கும் விசாரணைக்கும் இடையே குறைந்தது 14 நாள் இருக்க வேண்டும். தகராறு வந்து மூன்றாம் பங்கை மாஜிஸ்திரேட் அரசு ஆய்வகத்துக்கு அனுப்பும்போது அந்தப் பால் வாரக்கணக்கில் பழையது, தயிர் நிலையையும் தாண்டியது. சர்க்கரையின் ஒரு பகுதி சாராயமாகவும் வாயுவாகவும் போயிருக்கும். திடப்பொருள் எடை குறையும். அந்த இழப்பை எவ்வளவு என்று கணக்கிட்டுச் சேர்ப்பது என்பதில் அரசு வேதியியலாளர்களுக்கும் ஊர்ப் பகுப்பாய்வாளர்களுக்கும் ஓயாத சண்டை. இன்று உங்கள் மாணவர் பால் மாதிரியில், அது கெடாமல் காக்கும் ஃபார்மலினை ஏன் சொட்டு விடுகிறார் என்று கேட்டால், இந்தச் சண்டையிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது எண். பாலுக்கு எழுதப்பட்ட அளவு ஒன்றும் இல்லாமல்தான் 1875-லிருந்து கால் நூற்றாண்டு ஓடியது. 1901 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பால் விற்பனை விதிகள் இரண்டு எண்களை வைத்தன: கொழுப்பு 3 சதவீதம், கொழுப்பற்ற திடப்பொருள் (தண்ணீரும் கொழுப்பும் போக மிஞ்சும் சர்க்கரை, புரதம், உப்பு) 8.5 சதவீதம். அதற்குக் கீழே போனால், மாறாக நிரூபிக்கப்படும் வரை பால் கலப்படமானது என்று கொள்ளப்படும். (இன்று நம் டோன்டு பால் பாக்கெட்டுக்கும் இதே 3, இதே 8.5 தான். மாணவரைப் பாக்கெட்டை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.)

கணக்கு சுலபம். கொழுப்பற்ற திடப்பொருள் 7.65 என்று வந்தால் 8.5-இல் 0.85 குறைவு, அதாவது பத்தில் ஒரு பங்கு தண்ணீர். கொழுப்பு 2.4 என்றால் 3-இல் 0.6 போய்விட்டது, ஐந்தில் ஒரு பங்கு ஏடு எடுக்கப்பட்டிருக்கிறது. பகுப்பாய்வாளரின் சான்றிதழில் இந்த ஒரு வரிதான் இருக்கும், அதை வைத்துத்தான் வழக்கு.

பாலில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் லாக்டோமீட்டரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதையும் அக்காலத்தவர் நன்றாக அறிந்திருந்தார்கள். நல்ல பாலின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரை 1 என்று வைத்தால் வரும் அடர்த்தி, சுமார் 1.032. ஏட்டை எடுத்தால், இலேசான பொருள் போய்விட்டதால், பால் கனத்து 1.035 ஆகும். அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் விட்டால் மீண்டும் 1.032. மிதவை சரியான கோட்டில் நிற்கும், பால் இரண்டு முறை திருடப்பட்டிருக்கும். அதனால்தான் ஆய்வகத்தில் கொழுப்பைத் தனியே அளந்தார்கள்: பாலை உறிஞ்சு தாள் சுருளில் ஊறவைத்து உலர்த்தி, ஈதரில் கொழுப்பைக் கரைத்து எடுத்து நிறுப்பது ஆடம்ஸ் முறை; அமிலம் சேர்த்துச் சுழற்சி இயந்திரத்தில் வைத்துப் படிப்பது கெர்பர் முறை. முதலாவது துல்லியம், நேரம் தின்னும். இரண்டாவது வேகம்.

எண் வந்ததும் வியாபாரி எண்ணைப் படித்துக்கொண்டான். ரயிலில் வரும் கூம்பு வடிவ கேன் 17 காலன் கொள்ளும், நம் கணக்கில் சுமார் 77 லிட்டர். அதில் 3.8 சதவீதக் கொழுப்புள்ள நல்ல பால் வருகிறது என்று வையுங்கள். இயந்திரத்தில் கொழுப்பு நீக்கிய பால் சுமார் 4 காலனை அந்தப் பாலோடு கலந்தால் கொழுப்பு 3.1-இல் நிற்கும். கொழுப்பற்ற திடப்பொருளும் குறையாது, ஏனென்றால் ஊற்றியது தண்ணீர் அல்ல. ஆய்வகத்தால் ஒன்றும் சொல்ல முடியாது. குறைந்தபட்சமாக இருக்கட்டும் என்று வைத்த அளவு, எல்லோரும் குறிவைத்து இறங்கும் அளவாயிற்று.

நேர்மையான பண்ணையாளர் சிக்கியதும் உண்டு. மாலை மூன்று மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் கறந்தால், காலைப் பாலுக்குப் பதினான்கு மணிநேர இடைவெளி. இடைவெளி நீண்டால் பால் கூடும், கொழுப்புச் சதவீதம் குறையும். மடியில் முதலில் வரும் பால் நீர்த்தது, கடைசியாக ஒட்டக் கறப்பதில்தான் கொழுப்பு. கறவைக்காரன் அவசரத்தில் பாதியில் எழுந்தால் 3 சதவீதம் எட்டாது. அப்போது ‘மாட்டையே கேளுங்கள்’ என்பதுதான் வாதம். ஆய்வாளர் பண்ணைக்குப் போய் எதிரில் நின்று கறக்கவைத்து மாதிரி எடுப்பார். அதே வேளைக் கறவையாக இருக்க வேண்டும், ஒட்டக் கறக்க வேண்டும். காலைப் பாலின் வழக்குக்கு மாலைப் பாலைச் சாட்சியாக வைத்தால் பயனில்லை. கடைக்காரரின் சாக்கு வேறு: மேலே நின்ற ஏட்டை முதலில் வந்தவர்கள் வாங்கிப் போய்விட்டார்கள், நான் எதையும் எடுக்கவில்லை என்பது. 1892-இலேயே உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது: கலக்கி விற்பது விற்பவன் பொறுப்பு.

ஏற்கப்பட்ட சாக்கு ஒன்று இருந்தது, அதுதான் சட்டத்தின் பெரிய சந்து. மொத்த வியாபாரி எழுதிக்கொடுத்த உத்தரவாதம் கையில் இருந்து, வாங்கியபடியே விற்றேன் என்று காட்டினால் சில்லறை வியாபாரி தப்பலாம். கேனில் கட்டிய சீட்டே உத்தரவாதம் என்றார்கள். 1899 திருத்தம் இதைக் கொஞ்சம் இறுக்கியது: சம்மன் கிடைத்த ஏழு நாளுக்குள் உத்தரவாதத்தின் நகலை அனுப்பி, அதை நம்பப்போகிறேன் என்று அறிவிக்க வேண்டும். ஆய்வாளர் அதற்குள் கேனை அனுப்பியவரைத் தேடிப் போவார். ஆனால் அந்தக் கேன் எப்போதோ திரும்பிப் போயிருக்கும். எனவே கெட்டிக்கார ஆய்வாளர்கள் அதிகாலை ரயில் நிலையத்திலேயே நின்றார்கள். பாலை ஒப்படைக்கும் இடத்தில் மாதிரி எடுக்க 1879 சட்டம் இடம் கொடுத்திருந்தது. அங்கேயும் கோலை உள்ளே விட்டு அடிவரை கலக்காமல் மேலாக மொண்டால் ஏடுதான் வரும், குற்றவாளி தப்புவான்.

முகம் தெரிந்த ஆய்வாளருக்கு நல்ல பால்தான் கிடைக்கும் என்பதால், பெண்களையும் சிறுவர்களையும் அனுப்பி வாங்கவைப்பது வழக்கமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆய்வாளர் வரமாட்டார் என்ற நம்பிக்கையைக் கெடுக்க ஞாயிறு காலையிலும் வாங்கினார்கள். தெருவில் விற்பவரின் வண்டியிலோ கேனிலோ பெயரும் முகவரியும் தெரியும்படி எழுதியிருக்க வேண்டும் என்றும் 1899 திருத்தம் சொன்னது. அபராதம் முதல் முறை 20 பவுன் வரை, இரண்டாம் முறை 50, அதன்பின் 100. இவை உச்சவரம்பு மட்டுமே. எவ்வளவு விதிப்பது என்பது மாஜிஸ்திரேட்டின் மனம்.

இவ்வளவு கூர்மையும் தண்ணீருக்கு எதிராக. கடையின் உள்ளே போவோம்.

சந்தில் ஒரு சிறு கடை. நிலக்கரி, மண்ணெண்ணெய், விறகுக் கட்டு, வெங்காயம், சோப்பு. கல்லாவுக்குப் பக்கத்தில் அகன்ற பீங்கான் பாத்திரத்தில் பால், மேலே மஸ்லின் துணி இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். கடைக்குப் பின்னால் குடும்பம் குடியிருக்கும் ஒற்றை அறை. அங்கே பிள்ளைக்குச் செங்காய்ச்சல் என்றால், முகந்து ஊற்றும் அதே கைதான் அங்கேயும் துடைக்கும். இந்தக் கடையை ஆள்வது 1885-ஆம் ஆண்டின் பால்பண்ணை, மாட்டுக் கொட்டில், பால்கடை ஆணை. பால் விற்பவர் எல்லோரும் உள்ளாட்சியில் பதிந்துகொள்ள வேண்டும். தொற்றுநோய் உள்ளவர் பாலைத் தொடக்கூடாது. கொட்டிலில் பன்றி வைக்கக்கூடாது. வெளிச்சம், காற்று, வடிகால், தண்ணீர் சரியாக இருக்க வேண்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பதிவு கேட்டு வந்தவரை மறுக்க அந்த ஆணையில் அதிகாரம் இல்லை. கேட்டால் பதிந்தே ஆக வேண்டும். எவ்வளவு அசுத்தமான கடையானாலும் பட்டியலிலிருந்து நீக்கவும் வழியில்லை. லண்டனில் அந்த அதிகாரம் 1908-ஆம் ஆண்டின் லண்டன் கவுண்ட்டி கவுன்சில் சட்டம் மூலம்தான் வந்தது. அதன் பிறகு பரோக்களின் (லண்டனுக்குள் இருந்த உள்ளாட்சிப் பிரிவுகளின்) சுகாதார அதிகாரிகள் வேறு தொனியில் பேச முடிந்தது: கரியையும் எண்ணெயையும் வெளியே எடு, பாலை மூடி வை, இல்லையேல் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.

விரிவான விதிகளை எழுதுவதும் அந்தந்த உள்ளாட்சியின் விருப்பம். உள்ளாட்சிகளை மேற்பார்த்த மத்திய அரசுத் துறையான உள்ளாட்சி வாரியத்தின் மாதிரி விதிகளில், மேய்ச்சலுக்குப் போகாத மாட்டுக்குத் தலைக்கு 800 கன அடி காற்றிடம் வேண்டும் என்று இருந்தது. அதிலும் தந்திரத்துக்கு ஒரு முட்டுக்கட்டை: 16 அடிக்கு மேற்பட்ட உயரம் கணக்கில் சேராது. இல்லையென்றால் உயர்ந்த கூரையைக் காட்டி மாடுகளை ஒட்டிக் கட்டிவிடுவார்கள். நகரங்கள் இதைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டன. கிராம வட்டாரங்கள் பலவற்றில் விதியே எழுதப்படவில்லை. அங்கே மன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் பண்ணையாளர்கள்.

நகரத்தின் பால் அங்கிருந்துதான் வந்தது. 1865-66 மாட்டு நோயில் லண்டன் கொட்டில்கள் காலியான பிறகு, ரயில்தான் நகரத்தின் மடி. லண்டன் ஆய்வாளர் கடையின் மூடாத பாத்திரத்தைப் பார்க்கலாம். நூறு மைல் தள்ளிச் சாணி அப்பிய மடியைப் பார்க்க முடியாது. ஒரு விதிவிலக்கு 1890-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம்: வெளியூர்ப் பாலால் ஊருக்குள் தொற்று பரவுகிறது என்று கருதினால், மாஜிஸ்திரேட் உத்தரவுடன் அந்தப் பண்ணைக்குப் போகலாம். அதாவது ஆட்கள் படுத்த பிறகு.

காசநோய் விஷயத்தில் இது இன்னும் மோசம். 1885 ஆணையில் காசநோய் ஒரு நோயாகவே சேரவில்லை. 1899-இல் சேர்த்தபோதும், மடியில் காசநோய் என்று கால்நடை மருத்துவர் சான்று கொடுத்தால் மட்டுமே. 1901-இல் லண்டன் மாநாட்டில், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக் மாட்டுக் காசநோயால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என்று சொல்லிவிட, அதைச் சோதிக்க அரச ஆணையம் அமைந்தது. ஆபத்து உண்டு என்பதற்கான சான்றுகளை இடைக்கால அறிக்கைகளில் தந்து, 1911-இல்தான் இறுதி அறிக்கை கொடுத்தது.

அதுவரை காத்திராத ஊர் மான்செஸ்டர். 1899-இல் தனிச் சட்டம் வாங்கி, ஊருக்கு வெளியே உள்ள பண்ணையிலும் மாடுகளைச் சோதிக்கும் உரிமை பெற்றது. சுகாதார அதிகாரி ஜேம்ஸ் நிவனின் ஆட்கள் நிலையங்களில் பால் எடுப்பார்கள். பேராசிரியர் ஷெரிடன் டெலிபைன் அதைக் கினிப்பன்றிகளுக்கு ஊசி போட்டுப் பார்ப்பார். விடை வரச் சில வாரங்கள். நோய் உறுதியானால் கால்நடை மருத்துவருடன் பண்ணைக்குப் போய், ஒவ்வொரு மடியையும் அழுத்திப் பார்த்து, சந்தேகப்பட்ட மாட்டின் பாலைத் தனியே எடுத்து, மறுபடியும் ஊசி, மறுபடியும் சில வாரங்கள். இதற்குள் பண்ணையாளர் அந்த மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிடலாம். அது இன்னொரு தொழுவத்தில் நின்று, மான்செஸ்டர் போன்ற அதிகாரம் இல்லாத இன்னொரு ஊருக்குப் பால் அனுப்பும். இழப்பீடு இல்லாத இடத்தில் பண்ணையாளர் வேறு என்ன செய்வார் என்றும் கேட்கத்தான் வேண்டும்.

பதனப்பொருள் கதை தனி. போரிக் அமிலமும் ஃபார்மலினும் பாலில் விழுந்தன, பண்ணையில் கொஞ்சம், மொத்தக்கடையில் கொஞ்சம், சில்லறைக் கடையில் கொஞ்சம். முன்னவர் போட்டது பின்னவருக்குத் தெரியாது. பாலைத் தாங்கவைப்பதோடு நில்லாமல், புளிப்பு என்ற ஒரே எச்சரிக்கையையும் அது வாயடைத்தது. அரசின் துறைக் குழு 1901-இலேயே பாலில் இவை கூடவே கூடாது என்று சொன்னது. தடை விதி 1912-இல் வந்தது. பதினோரு ஆண்டு.

கிருமி எண்ணிக்கைக்கோ அழுக்குப் படிவுக்கோ அந்தப் பத்தாண்டு முழுக்கச் சட்ட வரம்பே இல்லை. இங்கிலாந்து, வேல்ஸில் 1899-இல் ஆயிரத்துக்கு 163 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. கோடையில் வயிற்றுப்போக்கு பெருகும், அதுவும் புட்டிப்பால் குடித்த பிள்ளைகளிடம். பால்தான் முழுக் காரணம் என்று சொல்லமுடியாது; ஈ, கழிப்பிடம், வீட்டில் குளிர்ச்சியான மூலை இல்லாமை எல்லாம் சேர்ந்தவை. ஆனால் 3 சதவீதம் கொழுப்புள்ள, சட்டப்படி குற்றமற்ற பாலும் அந்தப் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போனது என்பதை லண்டன் ஃபின்ஸ்பரியின் சுகாதார அதிகாரி ஜார்ஜ் நியூமன் போன்றவர்கள் உணர்ந்திருந்தார்கள். வழக்கால் முடியாததை நகராட்சிகள் வேறு வழியில் செய்யப் பார்த்தன: செயின்ட் ஹெலன்ஸ் 1899-இலும், லிவர்பூல் 1901-இலும், பாட்டர்சீ 1902-இலும் குழந்தைகளுக்குச் சூடேற்றிப் புட்டியில் அடைத்த பாலை விற்கும் நிலையங்களைத் திறந்தன.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ரொட்டிக்கூடம். 1901-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, பட்டறைச் சட்டம் அளக்கக்கூடியதைக் கேட்டது: கழிப்பிடம் ரொட்டிக்கூடத்தோடு நேரே இணையக்கூடாது, மாவு பிசையும் தண்ணீர்த் தொட்டியும் கழிப்பிடத் தொட்டியும் ஒன்றாக இருக்கக்கூடாது, கழிவுநீர்க் குழாய் உள்ளே திறக்கக்கூடாது, சுவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை சுண்ணாம்பு அடிக்க வேண்டும், எண்ணெய்ச் சாயம் என்றால் மூன்று பூச்சு, ஏழு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவ வேண்டும். நிலவறை ரொட்டிக்கூடங்கள் 1904 ஜனவரி 1-க்குப் பிறகு சான்றிதழ் இல்லாமல் இயங்கக்கூடாது என்று நாள் குறித்தது. இங்கே ஆய்வாளர் யாரையும் ஏமாற்றி வாங்கவேண்டியதில்லை, ஆய்வகத்துக்கு ஓடவேண்டியதில்லை. சுவரைப் பார்த்தால் தெரியும். சான்றிதழ் இல்லையென்றால் அடுப்பு அணைய வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் மூன்று. ஒன்று, மாதிரி எடுக்கும் பாடத்தில், கலக்காத பாலையும் கலக்கிய பாலையும் மூன்று புட்டியில் பிரித்து, கொழுப்பைத் தனித்தனியே அளக்கவையுங்கள். வித்தியாசத்தை மாணவர் தாமே பார்க்கட்டும். இரண்டு, மேலே சொன்ன 17 காலன் கணக்கைத் தேர்வில் கேளுங்கள், ‘எந்தச் சோதனை இதைக் காட்டும்’ என்ற துணைக்கேள்வியோடு. மூன்று, ஆய்வு அறிக்கைப் படிவத்தில் ‘வரத்து எங்கிருந்து, அங்கே யாருக்கு அதிகாரம்’ என்று ஒரு பத்தியைச் சேர்த்து, அதை நிரப்பாத பயிற்சி அறிக்கைக்கு மதிப்பெண் போடாதீர்கள். இவற்றுக்கான செய்முறைத் தாள்களைத் தமிழில் எழுதித்தர நாங்கள் ஆயத்தம். வேண்டிய வகுப்பு நேரம் இரண்டு அரைநாள்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதார வரலாறும் பால் பகுப்பாய்வும் கற்பிக்கும் சிலர்